இனிஷியல்: மு. போடவா, எம். போடவா, விரித்து எழுதவா?

குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் எழுதிக் கொடுக்கும்போது, முதல் புத்தகத்துக்கு அட்டை போடும்போது என்று ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. முருகேசன் மகன் குமார் தன் பெயரை ‘மு. குமார்’ என்று எழுதுவதா, ‘எம். குமார்’ என்றா, ‘குமார் முருகேசன்’ என்றா, இல்லை ‘குமார் மு.’ என்றா? நான்குமே புழக்கத்தில் இருக்கின்றன. தமிழாசிரியரைக் கேட்டால் ஒன்று சொல்வார், டிராவல் ஏஜென்டைக் கேட்டால் வேறொன்று சொல்வார், இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு காகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதினால் தமிழ் எழுத்து இனிஷியல், ஆங்கில ஆவணங்களில் விரித்த பெயர். இரண்டையும் ஒருமுறை முடிவு செய்துவிட்டு அப்புறம் அதையே பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதுதான். ஆனால் இது பொருந்தாத இடங்களும் உண்டு, அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்பது முதல் விஷயம். அழைப்பிதழைப் படிப்பவர் உங்கள் அத்தை. பாஸ்போர்ட்டின் அடிவரிகளைப் படிப்பது ஸ்கேனர். அத்தைக்கு ‘மு.’ என்றாலே முருகேசன் மகன் என்று தெரியும். ஸ்கேனருக்கு அது வெறும் எழுத்து.

அடுத்தது, அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு முழுப்பெயருக்குத் திரும்பிப் போக முடியுமா என்பது. இனிஷியல் என்பதே ஒரு பெயரின் சுருக்கம், சுருக்கியதை விரிக்க வழி இல்லாமல் போனால் அது அலங்காரம் மட்டுமே.

மூன்றாவது, கையில் ஏற்கெனவே இருக்கிற சான்றிதழ்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா. பெரும்பாலான அலைச்சல் இங்கேதான். எந்த முறை சிறந்தது என்று யோசிப்பதைவிட, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்ப்பது பல சமயம் அதிகப் பலன் தரும்.

நான்காவது, இருபது முப்பது வருஷம் தாங்குமா. கல்யாணம், வெளிநாட்டு வேலை, பிள்ளைகள் என்று வாழ்க்கை நகரும்போது இன்று எடுத்த முடிவு எப்படி நடந்துகொள்ளும்? இதை யாரும் படிவம் நிரப்பும்போது யோசிப்பதில்லை.

## தமிழ் எழுத்து: மு. குமார்

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தலைமைச் செயலகத்திலிருந்து கடைக்கோடி அலுவலகம் வரைக்கும், பள்ளி கல்லூரி மாணவர்களின் விண்ணப்பம், வருகைப்பதிவு, சான்றிதழ் வரைக்கும் இதைக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆக, தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதுகிறவருக்கு இதில் தேர்வே கிடையாது.

ஆணையை விடுங்கள், இந்த முறையின் உண்மையான பலம் வேறு. ஆங்கிலத்தில் இருப்பது மொத்தம் 26 எழுத்து. தமிழில் இனிஷியல் போடும்போது மெய்யோடு உயிரும் சேர்ந்தே வருவதால் வேறுபாடு அதிகம் காட்ட முடியும். ஒரே வகுப்பில் ஐந்து குமார்கள், அப்பாக்கள் முருகேசன், மாரிமுத்து, மீனாட்சிசுந்தரம், மணி, மோகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஐந்து பேரும் எம். குமார்தான், வாத்தியார் அவர்களைக் கறுப்புக் குமார், உயரக் குமார் என்று பிரிக்க ஆரம்பித்துவிடுவார். தமிழில் மு., மா., மீ., ம., மோ. என்று தாமாகவே பிரிந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு பலவீனமும் உண்டு. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான், அதனால் கந்தசாமியும் க., கணேசனும் க. தமிழில் இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. தமிழ்ப் படிவத்தைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போதுதான் வினை. கணேசன் பெயர் ஆங்கிலத்தில் ஜி எழுத்தில் தொடங்கும், க.வைப் பார்த்தவர் கே என்று அடித்துவிடுவார், அப்புறம் ஆதாரில் ஓர் எழுத்து, வங்கியில் ஓர் எழுத்து. தமிழ் இனிஷியலின் மறைமுகச் செலவு இதுதான். தமிழில் எழுதிக் கொடுக்கிற எந்தப் படிவத்திலும் ஆங்கிலப் பெயருக்கு இடம் இருந்தால் அதை நீங்களே நிரப்புங்கள், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

ராஜேந்திரன் மகனுக்கு ரா.வா, இரா.வா? இது அடிக்கடி வருகிற சந்தேகம். அப்பா தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதன் முதல் எழுத்துதான் இனிஷியல். ராஜேந்திரன் என்று எழுதினால் ரா., இராசேந்திரன் என்று எழுதினால் இரா. இரண்டில் எது தூய தமிழ் என்ற சண்டை வேறு, அதை இனிஷியலில் கொண்டுவந்து வைத்தால் ஒரே வீட்டில் அண்ணன் ரா., தம்பி இரா. என்றாகிவிடும். ஆங்கிலத்தில் வி.ஆர். என்ற எழுத்துகளோடு அறியப்பட்ட நெடுஞ்செழியன் தமிழில் இரா. நெடுஞ்செழியன்தான், யாருக்கும் குழப்பம் வரவில்லை. ஆனால் அவர் நாவலர், மாநிலத்துக்கே தெரிந்தவர். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

இனிஷியல் ஓர் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. திரு.வி.க.வின் ‘திரு’ திருவாரூரைக் குறிக்கிறது, அதை யாரும் ‘தி.’ என்று குறுக்கவில்லை. அப்பா பெயர் ஸ்டீபன் என்றால் ‘ஸ்.’ என்று மட்டும் போட்டால் வாயில் நுழையாது, ‘ஸ்டீ.’ என்று போடுங்கள்.

எப்போது இது சிறந்தது: தமிழில் எழுதுகிற, தமிழர் படிக்கிற எதற்கும். அரசு விண்ணப்பம், அழைப்பிதழ், புத்தக அட்டை, கல்வெட்டு, நன்றியுரை.

## ஆங்கில ஒலி: எம். குமார்

தமிழ்ப் பத்திரிகை, சினிமா டைட்டில், சுவரொட்டி என்று எங்கும் பரவிக் கிடப்பது இதுதான். பழக்கம் காரணம். பள்ளியில் வருகை எடுக்கும்போதே எம். குமார் என்று கூப்பிட்டு வளர்ந்தவருக்கு மு. குமார் என்றால் வேறு யாரையோ சொல்வது போலத்தான் இருக்கும்.

இதில் உள்ள முதல் கோளாறு, இந்த எழுத்து பெயரைக் குறிப்பதில்லை, பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கைக் குறிக்கிறது. அண்ணாவின் சி.என்.னை எடுத்துக்கொள்ளுங்கள். என். அவருடைய நடராஜன். சி. எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர்கள் காஞ்சிபுரத்தைக் கான்ஜீவரம் என்று ஆக்கி அதை சி எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். அந்த ஸ்பெல்லிங் ஊரை விட்டே போய்விட்டது, இனிஷியலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் கதையும் இதேதான். அவருடைய எஸ். சீர்காழி, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஷியாலி. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் வகை பிரித்து அடுக்க வழி சொன்னவரின் இனிஷியலுக்குள் ஓர் ஊரின் பழைய ஸ்பெல்லிங் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். ஆங்கில எழுத்தைத் தமிழில் எழுதும்போது இரண்டு ஜோடிகள் ஒன்றாகிவிடுகின்றன. ‘பி.’ என்றால் பழனியின் பி.யா, பாஸ்கரனின் பி.யா? ‘டி.’ என்றால் தங்கராஜா, தர்மலிங்கமா? ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரை டி. உதயகுமார் என்றுதான் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதினார்கள். அந்த டி. தர்மலிங்கம். தமிழில் த. என்று போட்டிருந்தால் குறைந்தபட்சம் தகரத்தில் தொடங்கும் பெயர் என்றாவது தெரிந்திருக்கும். கலாமின் ஏ.பி.ஜே.யில் நடுவில் இருக்கிற பி. பக்கீர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதோடு ஸ்பெல்லிங் சண்டையும் சேர்ந்துகொள்ளும். எச்.சா, ஹெச்.சா? எப்.பா, எஃப்.பா? இசட்டா, ஜெட்டா? ஒரே ஆளின் பெயர் மூன்று செய்தித்தாளில் மூன்று விதமாக வந்தால் தேடும்போது கிடைக்காது.

அப்படியானால் இதை ஒழித்துக்கட்டிவிடலாமா என்றால், முடியாது. எம்.ஜி.ஆரை ம.கோ.இரா. என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உறுதி, பாராட்டலாம், ஆனால் படிக்கிறவர் இரண்டு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். பொதுவாழ்வில் நிலைத்துவிட்ட பெயர் அந்த ஆளுக்கும் ஊருக்கும் சொந்தம். அடுத்தவர் பெயரை நாம் திருத்த வேண்டியதில்லை. சிலர் உ.வே.சா., ம.பொ.சி., மு.வ. என்று தமிழிலேயே நிலைத்தார்கள், சிலர் எம்.எஸ்., டி.எம்.எஸ். என்று நிலைத்தார்கள். அவரவர் வடிவத்தில் அவரவர்.

இதில் இன்னொரு கிளை உண்டு: ரோமன் எழுத்தில் எம் போட்டு, புள்ளி வைத்து, பக்கத்தில் தமிழில் குமார். 2021 ஆணை குறிவைத்ததே பெரும்பாலும் இதைத்தான். இதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரே பெயருக்குள் இரண்டு எழுத்துருக்கள், உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, அகரவரிசையில் எங்கே வைப்பது என்றும் தெரியாது. விட்டுவிடுங்கள்.

எப்போது இது சிறந்தது: நீங்கள் ஏற்கெனவே அந்தப் பெயரில் அறியப்பட்டிருந்தால். கடைப் பலகை முப்பது வருஷமாக எம். குமார் ஸ்டோர்ஸ் என்று இருந்தால் அதை மாற்றிக்கொண்டு அலையாதீர்கள். மற்றவர் பெயரைக் குறிப்பிடும்போதும் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே.

## விரித்து எழுதுவது: குமார் முருகேசன்

இங்கேதான் பணமும் நேரமும் போகிற இடம், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. இயற்பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். பான் அட்டைக்கு நெடுங்காலம் புழங்கிய 49ஏ படிவமும் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்றுதான் சொல்கிறது, அட்டையில் அச்சிட வேண்டிய சுருக்க வடிவத்துக்கு மட்டும் தனியாக ஓர் இடம் கொடுக்கிறது. ஆக, ஏதாவது ஒரு நாள் விரித்தே ஆக வேண்டும். எப்படி விரிப்பது என்பதுதான் கேள்வி.

பலர் முதலில் செய்வது, குடும்பப் பெயர்க் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு இயற்பெயரில் குமார் என்று மட்டும் எழுதுவது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே எழுதவில்லை, நேர்மையான பதில்தான். ஆனால் வெளியே போகும்போது சிக்கல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா, விசிட் விசாக்களில் வர முடியாது என்று சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள், ஆனாலும் அந்த நாட்களில் டிக்கெட் போட்டவர்கள் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல. அமெரிக்க விசாவில் இது இன்னும் வேடிக்கை: ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும், அதாவது முதல் பெயர் தெரியாது என்று. அங்கே போனபின் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கியிலும் ‘மிஸ்டர் எஃப்.என்.யு.’வாக வாழ்ந்தவர்கள் நம் ஆட்களில் நிறைய.

இரண்டாவது வழி, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது. பெரும்பாலானோர் இப்போது செய்வது இதுதான், நானும் இதையே சொல்வேன். இதன் செலவு என்னவென்றால், வெளிநாட்டில் உங்களை உங்கள் அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். விஸ்வநாதன் ஆனந்தை மேற்கத்தியச் செஸ் உலகம் செல்லமாக ‘விஷி’ என்கிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர். அவரையே இப்படி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் உறுத்தும்: குமார் உழைத்த கட்டுரையை உலகம் முருகேசன் என்று மேற்கோள் காட்டும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொள்ளாவிட்டால் ஒருவர் இரண்டு ஆய்வாளராகப் பதிவாகிவிடுவார்.

அடுத்த தலைமுறையில் இன்னொரு திருப்பம். குமார் முருகேசனின் மகள் யாழினி குமார். அப்பா, மகள் இருவருடைய ‘குடும்பப் பெயரும்’ வேறு. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி புருவத்தை உயர்த்தலாம். இதற்குப் பயந்து வெளிநாட்டில் இருக்கும் பல வீடுகளில் தாத்தா பெயரை நிறுத்தி, யாழினி முருகேசன் என்றே போட்டுவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அதோடு அந்த வீட்டில் அப்பா பெயரை ஏந்தும் முறை நின்று, முருகேசன் என்ற ஒரு குடும்பப் பெயர் பிறக்கிறது. தெரிந்து செய்தால் சரி, கட்டத்தை நிரப்பும் அவசரத்தில் செய்தால் பிள்ளைகள் பிறகு கேட்பார்கள். மலேசியாவில் இதற்கு வேறு வழி கண்டார்கள்: தன் பெயர், நடுவில் மகன் அல்லது மகள் என்று சொல்லும் மலாய்ச் சுருக்கமான ஏ/எல் அல்லது ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். யார் பெயர் யாருடையது என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

நீளமும் ஒரு கணக்கு. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொன்றிலும் 44 இடங்கள், முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான். புள்ளிக்கு அங்கே அனுமதியே இல்லை. பாலசுப்பிரமணியன் மீனாட்சிசுந்தரம் ஆங்கிலத்தில் வழக்கமான ஸ்பெல்லிங்கில் 32 எழுத்து, தப்பித்துவிடும். திருநெல்வேலியையும் சேர்த்து விரித்தால் வெட்டுப்படும். ஊர்ப்பெயர் இனிஷியல் வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் எதை விரிப்பது, எதை விடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இந்த முடிவு இரண்டு முறை வருகிறது. கல்யாணம் ஆனதும் அப்பா எழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் எழுத்தைப் போட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் சட்டம் அப்படி எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றினால் என்ன ஆகும்? பட்டங்கள் அப்பா இனிஷியலில் இருக்கும், ரேஷன் கார்டும் வங்கிக் கணக்கும் கணவர் இனிஷியலில் இருக்கும், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம், சில இடங்களில் அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்குத் தனி இடமே இருக்கும்போது இனிஷியலை ஏன் தொட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. விருப்பப்பட்டு மாற்றுகிறவர்கள் மாற்றலாம், ஆனால் பாதி ஆவணத்தில் மட்டும் மாற்றாதீர்கள்.

விரிக்கும்போது ஸ்பெல்லிங் அப்பாவின் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அவர் ஆதாரில் முருகேசன் ஒரு ஸ்பெல்லிங், உங்கள் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து கூடுதல் என்றால், அந்த ஓர் எழுத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் கணக்குத் தீர்க்கும்.

எப்போது இது சிறந்தது: பாஸ்போர்ட், விசா, பான், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆய்விதழ். குழந்தைக்கு என்றால் பிறப்புச் சான்றிதழிலிருந்தே யோசியுங்கள். பெயரைப் பதிவதற்குப் பிறந்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை, 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம், ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

## பின்னால் போடுவது: குமார் மு.

செஸ் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமானது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் குகேஷ் டி, பிரக்ஞானந்தா ஆர் என்றுதான் இருக்கும். இயற்பெயர் முன்னால் வருகிறது, தேடினால் உடனே கிடைக்கிறது, அகரவரிசையும் ஒழுங்காக வருகிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: பிரக்ஞானந்தாவின் ஆர். அப்பா ரமேஷ்பாபு, குகேஷின் டி. தொம்மராஜு, அது குடும்பப் பெயர். இரண்டும் சென்னைதான், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இனிஷியல்தான், உள்ளே இருப்பது வேறு வேறு. இனிஷியல் என்றாலே அப்பா பெயர் என்று எடுத்துக்கொண்டு விரிக்கிறவர்கள் இங்கே இடறுவார்கள்.

வருகைப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல், நூலின் பின்னிணைப்பு, நூலடைவு போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். அங்கேயும் ‘குமார், மு.’ என்று நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தால் இனிஷியல் இடம் மாறி வந்திருக்கிறது என்பது தெளிவாகிவிடும். தமிழில் சாதாரண வரியில் ‘குமார் மு. பேசினார்’ என்று எழுதினால் மட்டும் நன்றாக இல்லை, காதுக்கும் பொருந்தவில்லை.

ஆபத்து ஆங்கிலப் படிவத்தில். குமார் என்று எழுதிப் பக்கத்தில் ஒற்றை எம் போட்டால், அந்த எம்.மையே குடும்பப் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஓரெழுத்துக் குடும்பப் பெயரை ஏற்காத டிக்கெட் தளங்களும் உண்டு, அவை சொல்லும் பிழைச் செய்தியிலிருந்து காரணம் கண்டுபிடிப்பது தனி வித்தை.

## ஒரே பார்வையில்

| வடிவம் | படிப்பவர் | திரும்ப விரிக்க முடியுமா | மறைமுகச் செலவு | எங்கே போடலாம் |
|---|---|---|---|---|
| மு. குமார் | தமிழர் | ஓரளவு முடியும், உயிரெழுத்து தெரிகிறது | ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் தவறான எழுத்தை அடிக்கலாம் | அரசு விண்ணப்பம், அழைப்பிதழ், புத்தகம் |
| எம். குமார் | தமிழர், பழக்கத்தால் | கடினம், பி., டி. இரட்டையாகும் | எச்./ஹெச். போன்ற ஸ்பெல்லிங் குழப்பம் | ஏற்கெனவே நிலைத்த பெயர்கள் |
| குமார் முருகேசன் | அதிகாரி, இயந்திரம், வெளிநாட்டவர் | தேவையே இல்லை | அப்பா பெயரில் அழைப்பு, தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயர் | பாஸ்போர்ட், விசா, பான், ஆய்வு |
| குமார், மு. | பட்டியல் பார்ப்பவர் | முதல் வடிவம் போலவே | ஆங்கிலப் படிவத்தில் குடும்பப் பெயராக மாறிவிடும் | பதிவேடு, நூலடைவு |

## புள்ளியும் இடைவெளியும்

எழுத்தை முடிவு செய்தாயிற்று, இனி அதைச் சுற்றியுள்ளவை. புழக்கத்தில் மூன்று விதம்: செய்தித்தாள் பாணியில் எல்லாவற்றையும் ஒட்டி ‘மு.க.ஸ்டாலின்’, ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் இடம் விட்டு ‘மு. க. ஸ்டாலின்’, இரண்டுக்கும் நடுவே ‘மு.க. ஸ்டாலின்’.

ஒட்டி எழுதினால் இடம் மிச்சம், பத்தி ஒடுங்கிய செய்தித்தாளுக்கு அது வசதி. ஆனால் கணினியில் தேடும்போது பெயரையும் எழுத்தையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் வரி உடையும்போது மு. ஒரு வரியிலும் க. அடுத்த வரியிலும் போய் நிற்கும். எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது: இனிஷியல்கள் தமக்குள் ஒட்டி, பெயருக்கு முன் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் போட்டால் வரி அங்கே உடையாது. எதை எடுத்தாலும் ஒரு கடிதத்துக்குள் ஒன்றையே வைத்திருங்கள்.

கடைசி இனிஷியலுக்குப் பின் புள்ளியை விழுங்குவது, அதாவது ‘மு.க ஸ்டாலின்’ என்று எழுதுவது, இணையத்தில் பரவலாக இருக்கிறது. முதல் எழுத்துக்குப் புள்ளி உண்டு, இரண்டாவதுக்கு இல்லை என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

‘திரு’வுக்குப் புள்ளி? வேண்டாம். அது சுருக்கமில்லை, முழுச் சொல். திருமதி, செல்வி இரண்டும் அப்படியே. மருத்துவர் ‘மரு.’ ஆனால், பேராசிரியர் ‘பேரா.’ ஆனால் புள்ளி வேண்டும், ஏனென்றால் அங்கே சொல் வெட்டப்பட்டிருக்கிறது. திரு.வி.க.வில் இருக்கிற புள்ளியைக் காட்டி வாதம் செய்யாதீர்கள், அது இனிஷியல்.

## சுருக்கங்கள்: தி.மு.க.வா, திமுகவா

இங்கே தேர்வு இரண்டுதான். புள்ளி வைத்தால் இது சுருக்கம் என்று பார்த்ததும் தெரியும். புள்ளி இல்லாமல் எழுதினால் வேகமாக எழுதலாம், வேற்றுமை உருபு சேர்ப்பது எளிது. உருபுதான் தமிழில் உண்மையான சோதனை. ‘எம்.எல்.ஏ.க்கள்’, ‘ஐ.நா.வில்’, ‘தி.மு.க.வைச் சேர்ந்த’ என்று புள்ளியைத் தாண்டி உருபு ஒட்டும்போது கண் கொஞ்சம் தடுக்கும். சிலர் நடுவில் ஒரு சிறுகோடு போட்டு ‘தி.மு.க.-வை’ என்று எழுதுகிறார்கள், அது தடுக்கலை இன்னும் கூட்டுகிறது. ‘எம்எல்ஏக்கள்’, ‘ஐநாவில்’, ‘திமுகவைச் சேர்ந்த’ வழுக்கிக்கொண்டு போகும்.

செய்தி, கட்டுரை, வலைத்தளம் என்றால் புள்ளியில்லாமல் எழுதுவது நல்லது. அரசுக் கடிதம், வழக்கு ஆவணம், ஒப்பந்தம் என்றால் புள்ளியோடு. அந்த உலகத்தில் ‘இ.ஆ.ப.’, ‘ந.க.எண்.’ என்று புள்ளியோடுதான் எல்லாம் ஓடுகிறது, நீங்கள் மட்டும் ‘இஆப’ என்று எழுதினால் அது ஏதோ தட்டச்சுப் பிழை போல் இருக்கும். அதிகாரியின் பெயருக்குப் பின் ஐ.ஏ.எஸ். போடுவதா, இ.ஆ.ப. போடுவதா என்றால், தமிழ்நாட்டு அரசுக்கு எழுதும் தமிழ்க் கடிதத்தில் இ.ஆ.ப., பத்திரிகையில் ஐஏஎஸ்.

இரட்டைப் பொருள் தரும் சுருக்கங்களில் கவனம். பத்திரங்களில் ‘த.பெ.’ தகப்பனார் பெயர், உறையின் மேல் ‘த.பெ.எண்’ தபால் பெட்டி எண். முதல் முறை விரித்து எழுதிவிட்டு அப்புறம் சுருக்கினால் எந்தச் சண்டையும் வராது. ‘5 கி.மீ.’ என்று வரி முடிந்தால் அந்தப் புள்ளியே முற்றுப்புள்ளி, இன்னொன்று வேண்டாம். அறிவியல் குறியீட்டு விதிப்படி அலகுகளுக்குப் புள்ளி கிடையாதே என்று கேட்பவர்களுக்கு: அந்த விதி உலகப் பொதுக் குறியீட்டுக்கு, கி.மீ. தமிழ்ச் சுருக்கம்.

ரூபாய்க்கு ‘ரூ.500’ என்று ஒட்டி எழுதுங்கள், நடுவில் இடம் விட்டால் ரூ. ஒரு வரியில் தொங்கிக்கொண்டு தொகை அடுத்த வரிக்குப் போய்விடும். 2010இல் வந்த தனிக் குறியீட்டைப் போட்டால் புள்ளி தேவையில்லை. தொகைக்குப் பின் சாய்கோடும் சிறுகோடும் போடுவது காசோலையிலும் ரசீதிலும் யாரும் எண்ணை நீட்டிவிடாமல் இருக்க. கட்டுரையில் அதற்கு வேலை இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் ‘மு. குமார், பி.இ., எம்.பி.ஏ.,’ என்று கடைசியில் ஒரு காற்புள்ளி தொங்கும். அடுத்து ஏதோ ஒரு பட்டம் வரப்போகிறது என்று தோன்ற வைப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. அச்சகத்தில் கொடுக்கும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகச் சம்பந்தியோடு சண்டை போட முடியாது.